வரையாடுகளை எண்ணிவிட்டோம், உறவுமுறை தெரியுமா?

2025 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தன. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. அதற்கு முந்தைய ஆண்டு நம் பக்கத்துக் கணக்கு 1,031. செய்தி வந்த அன்று மஞ்சூர் கடைவீதியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "நம்ம ஆடு கூடிடுச்சு டீச்சர்" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கும் இருந்தது. வரையாடு நம் மாநில விலங்கு. நீலகிரியின் குந்தா மலைக்காரர்களுக்கு அது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சொந்தமும் கூட.

ஆனால் கூடுதலாக வந்த அந்த 272-ல் பிறந்தவை எத்தனை, முன்பு கண்ணில் படாமல் இப்போது பட்டவை எத்தனை என்று பிரித்துச் சொல்ல எண்ணிக்கையால் முடியாது. இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் போய்ப் பார்த்தார்கள். அதனால் கூடுதலாகவும் கண்டார்கள். இது கணக்கெடுப்பின் குறை அல்ல. மூடுபனிக்கும் பாறைக்கும் நடுவே கால் நோக நடந்து எண்ணிய வனக் காவலர்களின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். இந்த மலையில் இருக்கும் ஆடுகள் ஒன்றுக்கொன்று என்ன உறவு, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கிடா போய் வருகிறதா, அல்லது தலைமுறை தலைமுறையாக அக்கா தங்கை மக்களுக்குள்ளேயே குட்டி போட்டுக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் எண்ணிக்கைக்குள் வராது. அதைச் சொல்லக்கூடியது மரபணு. அதைக் கேட்டு அறிய வேண்டிய நேரம் இதுதான் என்பதே என் வாதம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அப்பா மின்வாரியத்தில் இருந்தார். அப்பர் பவானி கேம்ப்பில் வேலை. விடுமுறைக்கு எங்களை அழைத்துப் போவார். தாய்சோலை, கோரக்குந்தா தாண்டினால் தேயிலை முடிந்து புல் தொடங்கும். வரையாட்டை நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தில்தான். பெரிய கிடா ஒன்று. உடம்பு கரும்பழுப்பு, முதுகில் மட்டும் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் வெளுப்பு. பாறை விளிம்பில் நின்று எங்களையே பார்த்தது. பிறகு எந்த அவசரமும் இல்லாமல், எங்களால் எட்டிப் பார்க்கக்கூட முடியாத சரிவில் இறங்கிப் போனது. அன்று புல்லாக இருந்த சரிவுகளில் பல இன்று சீகை (வாட்டில்) மரக் காடு. இதைச் சொல்ல எனக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, கண்ணே போதும்.

பள்ளியில் மரபியல் பாடம் வரும்போது, வரையாட்டை வைத்தே கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவேன். ஒரு மேட்டில் நூறு ஆடு இருக்கின்றன, அதில் பெட்டை தொண்ணூறு, குட்டிக்குத் தகப்பனாகும் கிடா பத்து என்று வைத்துக்கொள்வோம். வெறும் தலைக்கணக்கில் நூறு. அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்தும் வகையில் பார்த்தால் அது நூறு அல்ல. இரண்டையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 4 × 10 × 90 ÷ 100. விடை 36. அதாவது கண்ணுக்கு நூறாகத் தெரியும் கூட்டம், மரபணுவுக்கு முப்பத்தாறு தலை உள்ள கூட்டமாகத்தான் நடந்துகொள்ளும். வரையாட்டில் வலுத்த கிடாக்கள்தான் மோதி வென்று இணை சேர்கின்றன. இளங்கிடாக்கள் ஓரத்தில் நிற்கும். ஆகவே இந்தக் கணக்கு வெறும் பாடக்கணக்கு அல்ல. 1980-ல் ஃபிராங்க்ளின் என்ற மரபியலாளர் சொன்ன ஓர் அளவுகோல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. இந்த வகைக் கணக்கில் ஐம்பதுக்குக் கீழே போனால் நெருங்கிய உறவுக் கலப்பின் கேடு விரைவில் தலைகாட்டும், நீண்ட காலம் தழைக்க ஐந்நூறு வேண்டும் என்பது அது. எல்லா உயிருக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டாலும், சிலர் இந்த எண்ணை இன்னும் கூட்டிச் சொன்னாலும், அடிப்படை மாறவில்லை.

எங்கள் பக்கத்துப் படுகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்பார்கள். ஒரே ஹட்டியில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. ஒரே ஹட்டியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. பெண் தேடி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். வரையாட்டுக்கும் அடுத்த ஹட்டிக்குப் போகும் வழி வேண்டும். கிடாதான் அந்த வழியில் போகும். அந்த வழி திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த வழியை அடைப்பது எது? வரையாடு திறந்த புல்வெளியும் அதையொட்டிய செங்குத்துப் பாறையும் இருக்கும் இடத்து உயிர். சிறுத்தையோ புலியோ செந்நாயோ வந்தால் தூரத்திலேயே கண்டுவிட்டுப் பாறைக்கு ஓடும், அதுதான் அதன் தற்காப்பு. அடர்ந்த மரத்துக்குள் கண்ணும் எட்டாது, பாறையும் கிட்டாது. ஆகவே நெருக்கமாக வளர்ந்த சீகைக்குள் அது நுழையத் தயங்கும். தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும் என்று சீகையும் கற்பூர மரமும் பைனும் புல்வெளிகளில் நடப்பட்டன. நடுவதை நிறுத்தியாயிற்று, ஆனால் சீகை பரவுவதை நிறுத்தவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஒரே நேரத்தில் முளைத்து எழும். முக்குருத்தி தேசியப் பூங்கா மொத்தமே 78 சதுர கிலோமீட்டர் சொச்சம். வரையாட்டுக்காகவே அமைந்த பூங்கா அது. அந்தச் சிறிய பரப்பிலும் அதன் ஓரங்களிலும் இந்த மரங்கள் நடுவில் வந்து நிற்கும்போது, ஒரு கூட்டம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்துபோக முடியும். பிரிந்துவிட்டதா என்பதை மலை மேல் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குச் சாட்சி கீழே தரையில் கிடக்கிறது.

வரையாட்டுப் புழுக்கையைத்தான் சொல்கிறேன். குடல் வழியாக வரும்போது புழுக்கையின் மேல் குடற்சுவரின் செல்கள் ஒட்டிக்கொள்கின்றன. புதுப் புழுக்கையில் மேலே ஒரு பளபளப்பான பூச்சு இருக்கும், ஆட்டுப்பட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆய்வகத்துக்கு வேண்டியது உள்ளே இருக்கும் புல் நார் அல்ல, அந்தப் பூச்சுதான். கையுறை போட்டு எடுத்து, ஆல்கஹால் ஊற்றிய சிறு குப்பியிலோ, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடோ போட்டு, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதி ஒட்டினால் போதும். ஆய்வகத்தில் அந்த மேற்பரப்பைச் சுரண்டி டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாய்வழியைச் சொல்லும். செல்லின் உட்கருவில் உள்ள சில குறியிடங்களைப் படித்தால், இந்தப் புழுக்கை எந்த ஆட்டுடையது, ஆணா பெண்ணா, பக்கத்து மேட்டில் எடுத்த புழுக்கைக்கு உரிய ஆட்டுக்கு இது என்ன உறவு என்பது வரை தெரியும். ஆட்டை விரட்ட வேண்டாம், பிடிக்க வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். ஆடு நம்மைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

இதில் கஷ்டம் இல்லாமல் இல்லை. மழையும் வெயிலும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். எங்கள் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் புழுக்கையும் இருக்காது, செல்லும் இருக்காது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் இங்கே வறண்ட குளிரும் உறைபனியும் இருக்கும். விடிந்தால் புல்லின் மேல் வெள்ளை விரித்திருக்கும். புழுக்கை சேகரிக்க அதைவிட நல்ல பருவம் கிடையாது. சிதைந்த மாதிரியில் தவறான விடை வரும் என்பதால் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். செலவும் பொறுமையும் ஆகும் வேலை. ஆனால் செய்ய முடிந்த வேலை.

செய்தும் காட்டியிருக்கிறார்கள், அதுவும் ஒரு மானில். நீலகிரி மாவட்டத்தின் மறுபக்கம், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் மேய்கிறது. கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் கிண்டியிலும் இருக்கும் அதே முறுக்குக்கொம்பு மான். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு உதிர்ந்து முளைக்கும், வெளிமானுக்கு உதிராது. உயிரியல் வகைப்பாட்டில் அது ஆடு, மாடு, வரையாடு சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனன்யா ஜனாவும் பிரவீண் கரந்தும் எட்டு மாநிலங்களில் பன்னிரண்டு இடங்களில் வெளிமான் புழுக்கையைச் சேகரித்து டி.என்.ஏ. படித்தார்கள். தூரத்திலிருந்து மானைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது நகர்ந்த பிறகு போய் எடுத்த மாதிரிகள். நாட்டின் வெளிமான்கள் வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்று கூட்டமாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. கிழக்குக் கூட்டம் இருக்கும் இடம் வடக்குக்குப் பக்கம், ஆனால் பிறந்தது தெற்கிலிருந்து. வரைபடத்தை வைத்து மட்டும் முடிவு செய்திருந்தால் உறவைத் தவறாகத்தான் சொல்லியிருப்போம். பெட்டைகள் பிறந்த இடத்தைச் சுற்றியே இருக்கின்றன, கிடாக்கள் வயலும் சாலையும் ஊரும் தாண்டிப் போய் மரபணுவைக் கலந்துகொண்டிருக்கின்றன என்பதும் அதே புழுக்கையிலிருந்து தெரிந்தது. சமவெளியில் இத்தனை ஊர்களுக்கு நடுவே இந்த மான் தாக்குப்பிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு அது ஒரு பெரிய விடை.

வெளிமான் வயலைத் தாண்டும். வரையாடு சீகைக்காட்டைத் தாண்டுமா? அதே முறையில் கேட்டால் அதற்கும் விடை கிடைக்கும். நம் கையில் இருக்கும் அறிவை நம் மாநில விலங்குக்கு மேடு மேடாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

வரையாட்டைப் பற்றி மரபணு நமக்கு முன்பே பெரிய செய்திகளைச் சொல்லியிருக்கிறது. நெடுங்காலம் அதை இமயமலைத் தார் ஆட்டின் தம்பி என்றுதான் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 2005-ல் பாரிசைச் சேர்ந்த ரோபிகே, அசனன் இருவரும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, இமயத் தார் வெள்ளாட்டுக்கு நெருக்கம், நம் வரையாடு செம்மறிக்கு நெருக்கம் என்று காட்டினார்கள். அதற்கெனத் தனிப் பேரினம் உண்டானது, நீலகிரியின் பெயரோடு. உலகில் அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம். தமிழ்நாடு, கேரளம் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை.

இரண்டாவது செய்தி எனக்கு இன்னும் முக்கியமானது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருக்கும் வரையாடுகளுக்கும் தெற்கே இருக்கும் வரையாடுகளுக்கும் மரபணுவில் தெளிவான பிரிவு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த இடம் அகலமாகத் திறந்து தரையோடு தரையாகக் கிடக்கிறது, மலையுச்சி விலங்கு அதைக் கடக்காது. யானையிலேயே அந்த வேறுபாடு தெரிகிறது. டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் முதலியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், நீலகிரிப் பக்கத்து யானைகளும் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவால் வேறுபட்டிருந்தன. சோலைக்காட்டுச் சிறு பறவைகளில் கணவாயின் இரு பக்கத்திலும் தனித்தனி இனங்களே உருவாகியிருக்கின்றன. வடக்கே முக்குருத்தியின் ஆடும் தெற்கே கேரளத்து இரவிகுளத்தின் ஆடும் கண்ணுக்கு ஒன்றுதான். உள்ளே நெடுங்காலப் பிரிவு இருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாடு அரசின் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தில், முன்பு வாழ்ந்து இப்போது இல்லாத இடங்களில் வரையாட்டை மீண்டும் கொண்டுபோய் விடுவதும் ஓர் அங்கம். 25.14 கோடி ரூபாயில் 2022 முதல் 2027 வரை ஐந்தாண்டுத் திட்டம். ஆண்டுதோறும் அக்டோபர் 7 வரையாடு நாள். 1975-லேயே வரையாடுகளைத் தேடி நடந்து எண்ணி எழுதிய ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக வைத்த நாள் அது, மிகப் பொருத்தம். திட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஆட்டைப் பெட்டியில் ஏற்றும் முன் எந்த மேட்டு ஆட்டை எந்த மேட்டுக்கு என்று மரபணுவைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கிறது.

ஐரோப்பாவில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தத்ரா மலையில் ஐபெக்ஸ் என்ற மலை ஆடு அழிந்துபோயிருந்தது. ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், அது பிழைத்தது. கூட்டத்தைப் பெருக்க நினைத்து, பிறகு துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் அதன் உறவு ஆடுகளைச் சேர்த்தார்கள். கலப்பு நடந்தது, குட்டியும் பிறந்தது. வெப்ப நாட்டு ஆடுகளின் பருவம் வேறு என்பதால் கலப்பினப் பெட்டைகள் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலேயே சினைப்பட்டன. குட்டிகள் பிப்ரவரியில், ஆண்டின் கடுங்குளிரில் விழுந்தன. ஒன்றும் தங்கவில்லை. மொத்தக் கூட்டமும் போனது. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம், ஆனால் பருவத்தைக் கேட்கவில்லை.

நம் வரையாடு தென்மேற்குப் பருவமழையில் இணை சேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, தை மாசியில் குட்டி போடுகிறது. இங்கே முக்குருத்தியின் மேற்கு விளிம்பு ஆனி ஆடியில் மூழ்கும். கணவாய்க்குத் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கச் சரிவுகளில் ஐப்பசி கார்த்திகை மழையும் பெரியது. அந்தந்த மலையின் மழைக்கும் புல்லுக்கும் பழகிய உடம்புகள் அவை. தெற்கிலிருந்து பத்து ஆட்டைக் கொண்டுவந்து குந்தாவில் விட்டால் எண்ணிக்கை உடனே பத்து கூடும், புகைப்படமும் நன்றாக வரும். பத்தாண்டு கழித்து என்ன பிறக்கும் என்று யார் பொறுப்பேற்பது?

கலப்பே கூடாது என்று சொல்லவில்லை. கலப்பு இல்லாமல் அடைத்து வைத்தாலும் கேடுதான். இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது என்பதற்கு அரேபிய ஓரிக்ஸ் என்ற மானின் கதையைச் சொல்ல வேண்டும். வெண்ணிற உடம்பு, வாள்போல் நீண்ட கொம்பு. பாலைவனத்தில் ஜீப்பிலும் துப்பாக்கியிலும் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். 1960-களில், தனியார் தோட்டங்களிலும் விலங்கியல் பூங்காக்களிலும் இருந்தவற்றோடு காட்டில் பிடித்தவற்றையும் சேர்த்து, ஒன்பது மான்களோடு அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பூங்காவில் ஒரு மந்தையைத் தொடங்கினார்கள். 1972-ல் காட்டில் கடைசி ஓரிக்ஸும் போனது. அந்த மந்தையின் வழித்தோன்றல்களை 1982-ல் ஓமன் பாலைவனத்தில் விட்டார்கள். ஒவ்வொரு குட்டிக்கும் தாய் யார், தகப்பன் யார் என்று பதிவேடு வைத்திருந்ததுதான் அந்த முயற்சியின் உயிர். 2000-ல் வெளியான ஆய்வு ஒன்று ஓமன் மந்தையின் குட்டிகளைப் பார்த்து, நெருங்கிய உறவில் பிறந்தவை அதிகம் சாகின்றன என்று கண்டது. மிகவும் விலகிய வழித்தோன்றல்கள் சேர்ந்து பிறந்தவற்றிலும் அதிகம் சாகின்றன என்று அதே ஆய்வு கண்டது. ஒரே மந்தையில் இரண்டு கேடும். நடுவில் சரியான தூரம் எது என்பதை அளந்துதான் அறிய முடியும், ஊகித்து அல்ல. கள்ளவேட்டை நடுவில் ஓமன் மந்தையைச் சூறையாடியது தனிச் சோகம். இருந்தும் பல நாடுகள் விடாமல் செய்த வேலையால் 2011-ல் ஓரிக்ஸ் அழிவு அபாயப் பட்டியலில் ஒரு படி பாதுகாப்பான நிலைக்கு வந்தது. காட்டில் முற்றிலும் அற்றுப்போன ஒரு மான் அப்படித் திரும்பியது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மரபணு என்றதும் க்ளோனிங், சோதனைக்குழாய் என்று பேச்சு போய்விடுகிறது. ஐதராபாத்தில் செயற்கைக் கருவூட்டலில் வெளிமான் குட்டி பிறந்தது, 2007-ல். அறிவியலாகப் பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் வரையாட்டுக்கு இன்று கரு வேண்டாம், புல் வேண்டும். அது தானாகக் குட்டி போடும். வழியைத் திறந்துவிட்டால் தானாக அடுத்த மேட்டுக்குப் போகும். எந்த வழியை முதலில் திறப்பது என்று சொல்லத்தான் மரபணு.

ஏனென்றால் எல்லாச் சீகையையும் ஒரே நாளில் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டால் மண்ணுக்குள் கிடக்கும் விதை குப்பென்று முளைக்கும். ஆண்டுக்காண்டு போய்ப் பிடுங்க ஆள் வேண்டும். சில இடங்களில் பழைய சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகளே எழுந்து வருகின்றன, அங்கே கோடரி வைத்தால் சோலையைத்தான் இழப்போம். பணமும் ஆளும் அளவோடுதான் இருக்கும். திட்டத்தில் சோலைப் புல்வெளி மீட்புக்கு முன்மாதிரி இடமாக அப்பர் பவானியைத்தான் எடுத்திருக்கிறார்கள், எங்கள் வாசலில். எந்தச் சரிவிலிருந்து தொடங்குவது? பாதை பக்கம், லாரி போக வசதி, மரம் விலை போகும் இடம் என்று தொடங்கினால் அது மரம் வெட்டும் திட்டமாகிவிடும். ஒரு சீகைக்காட்டின் இந்தப் பக்கத்து ஆடும் அந்தப் பக்கத்து ஆடும் ஒன்றோடொன்று கலப்பதை நிறுத்திவிட்டன என்று புழுக்கை சொன்னால், அந்தச் சீகைக்காடுதான் முதலில் போக வேண்டியது. கலந்துகொண்டிருக்கின்றன என்றால் அந்த இடம் காத்திருக்கலாம். இதைவிட நேரான வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

ரேடியோ கழுத்துப்பட்டையும் திட்டத்தில் உண்டு. அதனால் கிடைக்கும் தகவல் மதிப்புள்ளது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் மயக்க ஊசி பட்ட ஆடு பாறை விளிம்பில் நிற்கும் ஆடு என்பதை யாரும் மறக்கக்கூடாது. பட்டை சில ஆடுகளின் நடமாட்டத்தைச் சில காலத்துக்குச் சொல்லும். புழுக்கை மொத்தக் கூட்டத்தின் பல தலைமுறைக் கதையைச் சொல்லும், ஓர் ஆட்டுக்கும் நோகாமல். இரண்டில் எது முதலில் என்று கேட்டால் என் விடை புழுக்கை.

இந்த மலையின் ஆடுகளுக்குப் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் வேட்டைக்காரர்கள் முக்குருத்தி, சிஸ்பாரா பக்கம் இவற்றைக் குறிவைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். பெரிய கொம்புக் கிடாவுக்குத்தான் பெருமை அதிகம், ஆகவே கிடாதான் முதலில் விழும். நிலைமை அவர்களுக்கே பயம் தந்ததால் 1877-ல் நீலகிரியில் வேட்டை விலங்குச் சங்கம் அமைத்து, 1879-ல் சட்டமும் கொண்டுவந்தார்கள். கூட்டம் மீண்டும் பெருகியது. ஆனால் எண்ணிக்கை மீளும் வேகத்தில் மரபணு வேறுபாடு மீளாது, அது மாற்றம் சேர்ந்து சேர்ந்து பல்லாயிரம் ஆண்டில் வருவது. அந்த நெருக்கடியில் முக்குருத்தி ஆடுகள் எவ்வளவு இழந்தன, மிச்சம் என்ன என்பதும் அதே குப்பிகளில்தான் இருக்கிறது. வேறுபாடு குறைந்த கூட்டத்துக்கு ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலவே பிடிக்கும். மேய்ச்சல் மாடுகள் வழியாக நோய் ஏறி வரக்கூடிய மலை இது.

வரையாட்டுக்கு இவ்வளவு செலவா, பச்சைத் தேயிலை கிலோவுக்கு நாலு ரூபாய் கூட்டிக் கொடுக்க ஆளில்லை என்று எங்கள் ஊரிலேயே கேட்பார்கள். நியாயமான ஆதங்கம். என் உறவுகளும் சிறு விவசாயிகள்தான். ஆனால் வரையாடு மேயும் புல்வெளிதான் மழையைப் பிடித்து வைத்து ஓடையாக விடுகிறது. அப்பர் பவானியில் சேரும் தண்ணீர் குந்தா மின்நிலையங்களைச் சுழற்றுகிறது. பவானி ஆறு இந்த மலைகளில் பிறந்து, அட்டப்பாடி வழியாகச் சுற்றித் திரும்பி வந்து ஈரோட்டு வயல்களை நனைக்கிறது. வரையாடு இருக்கும் மேட்டில் புல் இருக்கிறது என்று பொருள். அதன் கணக்கை ஒழுங்காக வைத்தால் நம் தண்ணீர்க் கணக்கும் ஒழுங்காகும்.

இந்த வேலைக்கு வெளிநாட்டு வல்லுநர் தேவையில்லை. வண்டலூரில் வனத்துறையின் சொந்த ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. ஐதராபாத்தில், அழியும் உயிரினங்களுக்கென்றே மத்திய அரசின் ஆய்வகம் இருக்கிறது. புழுக்கை எடுக்க எங்கள் மலையிலேயே ஆள் இருக்கிறார்கள். ஆடு எந்த மேட்டில் காலையில் இறங்கும், எந்தப் பாறையில் மதியம் படுக்கும் என்று தெரிந்த வாட்சர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தற்காலிக ஊழியர்கள். மஞ்சூரிலும் கிண்ணக்கொரையிலும் விலங்கியல், தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டுக் கோயம்புத்தூர், திருப்பூரில் வேறு வேலை பார்க்கும் என் மாணவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கூலி கொடுத்து, பெயரைப் பதிவேட்டில் எழுதி இந்த வேலையைச் செய்யலாம்.

வனத்துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் உறைபனிப் பருவத்திலேயே முக்குருத்தியிலும் அப்பர் பவானியிலும் புழுக்கை சேகரிப்பைத் தொடங்குங்கள். மேடு வாரியாக மரபணுப் பதிவேடு தயாராகும் வரை எந்த ஆட்டையும் மலை மாற்றாதீர்கள், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து ஒருபோதும் மாற்றாதீர்கள். சீகை அகற்றும் வரிசையை அந்தப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கண்டதைத் தமிழில் எழுதி, வரைபடத்தோடு மஞ்சூர் பள்ளிக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். திட்டம் 2027-ல் முடிகிறது.